பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே



கம்பெனி கேம்ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய அதிக லிஃப்ட் கேம்ஷாஃப்டை மாட்டும்போது பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. இரண்டும் தொட்டால் வால்வுத் தண்டு வளையும். தலை ஒடிந்து விழுந்தால் பிஸ்டனும் ஹெட்டும் சேர்ந்து போகும். ‘அப்படியே பொருந்தும்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் அளவெடுத்தே தீரவேண்டும். ஹெட் எத்தனை முறை லேத் பட்டறையில் சீவி ஃபேஸ் செய்யப்பட்டது என்பது பாகம் செய்தவருக்குத் தெரியாது.

லிஃப்ட் அளவை மட்டும் பார்ப்பது பலருடைய வழக்கம். அது போதாது. வால்வு முழுதாகத் திறக்கும் நேரத்தில் பிஸ்டன் வெகு கீழே இருக்கும். ஆபத்து இருப்பது, எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டும் இன்டேக் வால்வு திறந்துகொண்டும் இருக்க, பிஸ்டன் உச்சியைக் கடக்கும் வேளையில்தான். எக்ஸாஸ்ட் வால்வு உச்சிக்குச் சுமார் 10 டிகிரி முன்பும், இன்டேக் வால்வு சுமார் 10 டிகிரி பின்பும் பிஸ்டனை மிக நெருங்கும். பொதுவாக இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. குறைந்தபட்சம் வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் அதிகம் நீளும். பிஸ்டனும் அதைத் துரத்தியே மேலே வருகிறது. அதிவேகத்தில் ஸ்பிரிங் தடுமாறி வால்வு தாமதமாக மூடினால் அந்தக் கூடுதல் அரை மில்லிமீட்டர்தான் எஞ்சினைக் காக்கும்.

அளப்பதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். பிள்ளைகள் விளையாடும் கிளேயைப் பிஸ்டன் மேல், வால்வு வரும் இடங்களில் ஒட்டி, வால்வு முகத்தில் லேசாக எண்ணெய் தடவ வேண்டும். ஏற்கெனவே அழுந்திய பழைய கேஸ்கெட்டை வைத்து ஹெட்டை முறுக்கி, கேம் டைமிங்கையும் வால்வு கிளியரன்ஸையும் சரியாக வைத்து, கிராங்க்கை ஸ்பானரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். எங்காவது தடுத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிறகு ஹெட்டைக் கழற்றி, கிளேயைப் பிளேடால் அறுத்து, மிக மெல்லிய இடத்தை வெர்னியரால் அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள எஞ்சினில் எண்ணெய் இல்லாத டாப்பெட் அமுங்கிப் பொய் அளவு காட்டும். சோதனைக்கு மட்டும் திடமான டாப்பெட் போட வேண்டும். வால்வு முழு லிஃப்டில் இருக்கும்போது ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல், மொத்தம் 1.5 மி.மீ. அளவாவது மிச்சம் இருக்கிறதா என்பதையும் கூடவே பார்த்துவிடலாம்.

ஹெட்டுக்கு மேலே கேம் உள்ள எஞ்சினில் ஃபேஸ் செய்வது இரண்டு வகையில் பாதிக்கும். வால்வு பிஸ்டனை நெருங்குவது ஒன்று. கேமுக்கும் கிராங்க்குக்கும் உள்ள தூரம் குறைந்து டைமிங் பின்தங்குவது மற்றொன்று. பின்தங்கிய டைமிங் எக்ஸாஸ்ட் வால்வைத்தான் பிஸ்டனிடம் தள்ளும். திருத்தக்கூடிய கேம் புல்லி இதைச் சரிசெய்யும்.

இடைவெளி பற்றாதபோது பலர் தடித்த கேஸ்கெட்டைத் தேடுகிறார்கள். அதனால் கம்ப்ரஷன் குறைகிறது; பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள சந்து அகன்று, எரிதலும் கெடுகிறது. பிஸ்டனில் வால்வுக் குழியை ஆழப்படுத்துவது நல்ல வழி, பிஸ்டனின் மேல்பகுதியான கிரீடம் போதிய தடிமனாக இருந்தால் மட்டும். அன்றாடம் சாலையில் ஓடும் காருக்கு, லிஃப்டும், வால்வு திறந்திருக்கும் அளவான டியூரேஷனும் குறைந்த கேம்ஷாஃப்டை வாங்குவதே மேல்.