பாலைக் காக்கும் நுண்ணுயிர்கள்

கறவை மாட்டின் மடி நான்கு அறைகளை உடையது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு காம்பு உண்டு. ஓர் அறையின் பால் மற்றோர் அறைக்குச் செல்லாது. காம்பின் நுனியிலுள்ள மெல்லிய துளை கறக்கும்போது திறந்து, கறந்தபின் மெல்ல மூடிக்கொள்ளும். முழுவதும் மூடுவதற்கு அரைமணி நேரமேனும் ஆகும். கறந்தவுடன் தீனி வைத்து மாட்டை நிற்கச் செய்வது இதனாலேயே நல்ல வழக்கமாயிற்று. அஃதின்றிச் சாணமும் சேறும் மிகுந்த தரையில் மாடு உடனே படுத்துவிடுமாயின், திறந்த துளைவழியே கிருமிகள் உட்புகும். உள்ளிருக்கும் பாலையே உணவாகக் கொண்டு பெருகும்.

இவ்வாறு உண்டாவதே மடிநோய். மடி வீங்கிச் சிவந்து சுடும். பால் நீர்த்தும் திரிதிரியாகவும் வரும். நோவு பொறாத மாடு, கன்றையும் அண்டவிடாது உதைக்கும். இதனினும் கொடியது மறைந்து நிற்கும் மடிநோய். மடியிலும் பாலிலும் யாதொரு வேறுபாடும் கண்ணுக்குப் புலப்படாது. பாலின் அளவு மட்டும் குறைந்துகொண்டே வரும். உழவரோ தீனியின்மேல் குறை கூறுவர். ஓரிரு மாடுகளை நம்பி வாழும் குடும்பத்திற்கு ஒரு காம்பு வற்றிப்போவதும் பேரிழப்பன்றோ?

1940-களில் பெனிசிலின் இந்நோய்க்கு மருந்தாயிற்று. காம்பினுள் செலுத்தப்படும் அம்மருந்து நோயைத் தணித்தது உண்மையே. ஆயினும் அதன் ஒரு பகுதி பாலிலும் கலந்து வெளிவரும். அப்பாலைப் பருகினால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். அதனுடன் பிரை ஊற்றினால் தயிரும் நன்கு உறையாது. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களையும் பெனிசிலின் கொன்றுவிடுமாதலின். எனவே, மருத்துவர் குறித்த நாள்கள் கழியும்வரை பாலை விற்காமல் கொட்டிவிட வேண்டும். மேலும், ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் ஆளவே, அதற்கு அஞ்சாத கிருமிகள் தோன்றலாயின.

வேறு மருந்து உண்டா? விடை, எதிர்பாராத இடத்தில் முன்னரே தென்பட்டிருந்தது. நியூசிலாந்து நாட்டுப் பாலாடைக்கட்டித் தொழிலில் சிலவேளை பால் உரியவாறு புளிக்காமற் போயிற்று. அதன் காரணத்தை ஆராய்ந்த வைட்ஹெட் என்பார், அப்பாலிலிருந்த சில பாக்டீரியங்கள் ஒருவகைப் பொருளைச் சுரந்து, உறையூட்டும் பாக்டீரியங்களைத் தடுப்பதை 1933-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தொழிலுக்கு இடையூறாக வந்த பொருளே பின்னர் மருந்தாக எண்ணப்பட்டது! 1947-இல் இங்கிலாந்தில் மாட்டிக், ஹிர்ஷ் என்னும் இருவர் அதற்கு ‘நிசின்’ எனப் பெயரிட்டனர். 34 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது.

நிசின் தொழிற்படும் முறை வியப்பிற்குரியது. பாக்டீரியம் தன்னைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிக்கொள்கிறது. அச்சுவருக்கு வேண்டிய கற்களைச் சுமந்து வரும் சிற்றாள் போன்ற கொழுப்புப் பொருள் ஒன்று உண்டு. பெனிசிலின் கல் அடுக்கும் கொத்தனாரின் கையைக் கட்டுகிறது. நிசினோ அச்சிற்றாளையே பற்றிக்கொள்கிறது. அதனோடு நில்லாது, உயிரணுவின் மென்படலத்தையும் துளைத்துவிடுகிறது. உள்ளிருப்பவை வெளியே ஒழுகக் கிருமி மடிகிறது. இருவகைக்கும் தாக்கும் இடம் வேறாதலின், பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகள் பலவும் நிசினுக்கு அடங்கும். மனிதன் உண்டாலோ, நம் செரிமான நீர்கள் அதனைப் பிற புரதங்களைப் போலவே சிதைத்துவிடும். 1969 முதல் உணவைக் கெடாமற் காக்கவும் இது ஏற்கப்பட்டுள்ளது.

எனினும் மடிக்குள் செலுத்துவதில் ஓர் இடர் இருந்தது. புளிப்பு நீரில் நன்கு கரையும் நிசின், மடிக்குள் உள்ளது போன்ற நடுநிலையில் அவ்வளவாகக் கரைவதில்லை. அதனால், கறப்பதற்கு முன்னும் பின்னும் காம்பைத் தோய்த்துத் தூய்மை செய்யும் நீர்மங்களில் அதனைச் சேர்த்தனர்.

அயர்லாந்தின் கார்க் மாவட்டத்திலுள்ள மூர்பார்க் ஆய்வு நிலையத்தார் வேறொன்றைத் தேடினர். ‘கெபிர்’ என்னும் புளித்த பால்பானத்தை உண்டாக்கும் சிறு கட்டி ஒன்றிலிருந்து பெற்ற பாக்டீரியம், ‘லாக்டிசின் 3147’ என்னும் பொருளைச் சுரந்தது. 1996-இல் இது வெளியிடப்பட்டது. இது தனித்த ஒன்றன்று. இரண்டு கூறுகள் இணைந்து வேலை செய்வது. ஒன்று சிற்றாளைப் பற்ற, மற்றொன்று அவ்விடத்தில் வந்து படலத்தைத் துளைக்கும். நடுநிலையிலும் இதன் வலிமை குன்றுவதில்லை. பால் வற்றிய காலத்தில் காம்பை அடைக்கும் பிஸ்மத் உப்புப் பசையுடன் இதனைக் கலந்து செலுத்திப் பார்த்தனர். பின்னர்க் காம்பினுள் வேண்டுமென்றே கிருமிகளை இட்டுச் சோதித்தபோது, பசை மட்டும் பெற்ற காம்புகளைக் காட்டிலும் கலவை பெற்ற காம்புகள் நோயை நன்கு தடுத்து நின்றன.

இவற்றால் எல்லா மடிநோயும் தீரும் என்று கருதலாகாது. ஸ்டெபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலியவற்றை இவை கொல்லும். சாணத்திலிருந்து வரும் ஈ-கோலிக்கோ புறத்தே மேலும் ஒரு படலம் உண்டு. அதனைக் கடந்து இவை உட்செல்ல இயலுவதில்லை. நோயுற்ற மடியை மேலே தடவிப் பார்த்து, உள்ளிருக்கும் கிருமி எது என்று சொல்ல எவராலும் ஆகாது. காம்பைத் துடைத்துத் தூய குப்பியில் பிடித்த சிறிதளவு பாலை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பியே அதனை அறிதல் வேண்டும்.