தங்கவயல் வீடுகளின் நெகட்டிவ்கள்: கேமராவைக் கொண்டு கணினியில் சேர்க்கும் முறை

கோலார் தங்கவயலில் சுரங்கப் பணி 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு நின்றது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கைக்கொண்ட தொழில் அது. வட ஆர்க்காடு, தருமபுரி, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்கள் பல தலைமுறைகளாக அதை நம்பி வாழ்ந்தன. எத்தனை டன் பாறை வெட்டப்பட்டது, எத்தனை அவுன்ஸ் தங்கம் எடுக்கப்பட்டது என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. லைன் வீட்டு வாசலில் நின்ற புதுமணத் தம்பதியருக்கும், ஷிப்ட் முடிந்து தலைக்கவசத்தோடு வந்த தந்தைக்கும், மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் வழியனுப்ப வந்த உறவினருக்கும் இருக்கும் சான்று குடும்பப் புகைப்படம் ஒன்றே. அப்படத்தின் நெகட்டிவோ, பெரும்பாலும் பீரோவின் அடித்தட்டில் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கிறது.

கணக்கியல் பயின்றவர்களுக்கு மூல ஆவணத்தின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. ஆல்பத்தில் உள்ள படம் நகல், நெகட்டிவே மூலம். மங்கிய படத்தைக் கைப்பேசியில் பிடித்து வைத்துக்கொண்டு, நெகட்டிவைக் குப்பையில் போடுவது, வவுச்சரைக் கிழித்துவிட்டுப் பேரேட்டின் நகலைப் பாதுகாப்பதற்கு ஒப்பாகும். படத்தில் வெறும் கருமையாகத் தோன்றும் பகுதியில் நெகட்டிவ் பல நுண்விவரங்களை வைத்திருக்கும்.

ஆயினும் மூலமும் நிலையானதன்று. பல பிலிம்களின் அடிப்பொருள் செல்லுலோஸ் அசிடேட். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். இந்நோய் குறித்து ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்துக்கு முதன்முதலில் புகார் அனுப்பியது இந்திய அரசுதான் என்பது பலர் அறியாத செய்தி. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் வைத்திருந்த பிலிம்கள் அவ்வாறு கெட்டன. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அதுவே எச்சரிக்கை. அத்தகைய சுருள்களை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, காகித உறையில் வைத்து, முதலில் அவற்றையே படமெடுக்க வேண்டும். அடுத்த முறை வண்ண நெகட்டிவ்களுடையது. அவற்றின் சாயங்கள் இருட்டில் வைத்தாலும் மெல்ல மங்கும். நன்கு கழுவப்பட்ட கறுப்பு வெள்ளை நெகட்டிவின் உருவம் வெள்ளியால் ஆனது. அது இன்னும் சிறிது காலம் பொறுத்திருக்கும்.

இதற்குத் தனி ஸ்கேனர் வாங்க வேண்டும் என்பதில்லை. லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா ஒன்று உறவினர் எவரிடமாவது இருக்கும். 1:1 அளவில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ் சிறந்தது. இல்லையெனில் 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் நீட்டிப்பு வளையம் பொருத்தலாம். 24 மெகாபிக்சல் கேமராவில் 36 மி.மீ. நீளமுள்ள சட்டகம் முழுமையாக நிரம்பினால், அங்குலத்துக்கு ஏறத்தாழ 4,200 புள்ளிகள் கிடைக்கும். குடும்பத் தேவைக்கு இது தாராளம். அக்பா கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமராக்களின் 6 x 6 செ.மீ. நெகட்டிவுக்கு அங்குலத்துக்கு 1,800 புள்ளிகளே கிடைக்கும் என்றாலும், சட்டகம் பெரிதாகையால் குறையொன்றும் தெரியாது.

ஒளிக்கு வெள்ளை எல்.இ.டி. பலகை வேண்டும். வண்ணங்களை உண்மையாகக் காட்டும் திறனெண் 95க்கு மேல் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. டேப்லெட் கணினியின் வெண்திரையையும் பயன்படுத்தலாம். ஆனால் பிலிமைத் திரைமீது நேரடியாக வைத்தால் திரையின் புள்ளிகளும் படத்தில் பதிந்துவிடும். இடையில் பால்நிற அக்ரிலிக் தகடு வைத்துச் சில செ.மீ. உயர்த்த வேண்டும். பிலிமைத் தட்டையாகப் பிடிக்க இரண்டு கறுப்பு அட்டைகள் போதும். நடுவே 24 x 36 மி.மீ. சாளரம் வெட்டிக்கொள்ளலாம். கேமராவைக் கீழ்நோக்கி நிறுத்தத் தாங்கி தேவை. மூடப்பட்ட ஸ்டூடியோ ஒன்றின் பழைய என்லார்ஜர் கம்பம் கிடைக்குமானால் அதைவிடச் சிறந்த தாங்கி வேறில்லை.

கேமரா பிலிமுக்குச் சரியான இணையாக இருப்பதே இவ்வேலையின் உயிர்நாடி. இதற்கு எளிய சோதனை உண்டு. பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் சிறு கண்ணாடியை வைத்துக் கேமராத் திரையைப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் நட்டநடுவே தெரிந்தால் கோணம் சரி. சற்று விலகியிருந்தாலும் படத்தின் ஒரு மூலை தெளிவாகவும் மற்றொன்று மங்கலாகவும் அமையும்.

தூசியை ரப்பர் ஊதுகுமிழால் நீக்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது. எச்சில் துளி பிலிமில் கறையாகும். ஈரத் துணியால் துடைப்பது அதனினும் தீது. உறையோடு ஒட்டிக்கொண்ட நெகட்டிவை இழுத்துப் பிரிக்க முயலாமல், அதை நிபுணர்களுக்கென ஒதுக்கிவிடுவதே முறை. விளிம்பில் உள்ள எழுத்துகள் நேராகப் படிக்கும்படி பிலிமை வைத்தால் படம் இடவலம் மாறாது.

அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஐ.எஸ்.ஓ. 100, துளை அளவு எஃப் 8, ரா கோப்பு என அமைத்துக்கொள்ளுங்கள். திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பிலிமின் மணிகள் தெரியும் வரை கையால் குவியப்படுத்த வேண்டும். கையசைவு தாக்காதிருக்க 2 விநாடி டைமரைப் பயன்படுத்தலாம். ஒரு சுருளுக்கு ஒருமுறையேனும் விளிம்பையும் சேர்த்துப் படமெடுங்கள். அங்குள்ள பிலிம் பெயரே காலத்தைச் சொல்லக்கூடும். உதகையின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல்தான் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் ‘இந்து’ பிலிம் எனத் தெரிந்தால் படம் அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது.

கணினியில் கறுப்பு வெள்ளைப் படத்தை நேராக்க, வளைகோட்டைத் தலைகீழாக்கினால் போதும். வண்ண நெகட்டிவில் ஆரஞ்சு நிறப் பூச்சு குறுக்கிடும். படம் பதியாத வெற்று ஓரத்தை வைத்து வெண்மைச் சமநிலையை முதலில் அமைத்து, அதன்பின் தலைகீழாக்க வேண்டும். கட்டணமின்றிக் கிடைக்கும் டார்க்டேபிள் மென்பொருளில் இதற்கெனவே ‘நெகடாக்டர்’ என்னும் பகுதி உள்ளது.

கோப்புகளுக்கு மூன்று படிகள் வேண்டும்: கணினியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, வெளியூரில் உள்ள மகனிடமோ மகளிடமோ ஒன்று. நெகட்டிவ்களை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டால் போதும் என எண்ணுவோரும் உண்டு. திருட்டுக்கு அது காவல், அமிலத்துக்கு அன்று. வினிகர் வாடை அடிக்கும் பிலிமைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து நகையோடு பூட்டுவது கேட்டை விரைவாக்கும். அமிலமற்ற காகித உறையும், வீட்டில் குளிர்ந்து உலர்ந்த இடமுமே அதற்கு ஏற்றவை. படமெடுத்த பின்னும் நெகட்டிவை எறியாதீர்கள்.

தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு கணினியில் சேர்த்தது. அத்தகைய பணியைக் குடும்ப அளவில் நாமும் செய்யலாம். கேமரா செய்ய இயலாத ஒரு பகுதி மட்டும் எஞ்சும். படத்தில் நிற்பவர் சாம்பியன் ரீஃபில் பணியாற்றிய பெரியப்பாவா, அவருடைய நண்பரா என்பது எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அதை அறிந்தவர்களுக்கு இன்று எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஆகவே நூறு படங்கள் சேர்ந்ததும் மீதியை நிறுத்தி வைத்துவிட்டு, அவற்றைத் தொலைக்காட்சித் திரையில் பெரிதாகக் காட்டி, வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பெயர், உறவு, எந்த லைன், ஏறத்தாழ எந்த ஆண்டு ஆகிய நான்கையும் அன்றே கோப்பின் குறிப்பில் எழுதிவிடலாம்.