காட்டோரப் பஸ்: செலவை யார் கொடுப்பது?

வட்டை காட்டோரத்தில், குடும்பம் கரையோரத்தில், உறவினர் வளவில். இடம்பெயர்ந்த விவசாயிக்கு இது பழகிய நிலை. ஆட்கள் இல்லையென்று பஸ் வருவதில்லை. பஸ் இல்லையென்று ஆட்கள் போய்க் குடியேறுவதில்லை. இந்த முடிச்சை எங்கே அவிழ்க்கலாம் என்று இப்பாடத்தில் பார்ப்போம்.

டீசல், சாரதி, நடத்துனர் சம்பளம் எல்லாம் போக மிச்சம் இருந்தால்தான் தனியார் பஸ் ஓடும். பத்துப் பேருக்காக அது வராது; முதலாளியைக் குறை சொல்லவும் முடியாது. 1958இல் பஸ்கள் அரசுடைமையானபோது, வருமானமுள்ள பாதைகள் மற்றப் பாதைகளைத் தாங்கின. 1979இல் தனியாருக்கு மீண்டும் இடம் கிடைத்ததும் போட்டியெல்லாம் நல்ல பாதைகளுக்கே. மிஞ்சிய பாதைகளுக்கு அரசு கைகொடுக்க வேண்டியதாயிற்று. தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 'கெமி செரிய' கிராமியப் பஸ் சேவை அதற்கானது: செலவுக்கும் வரவுக்கும் இடையிலுள்ள குறையை மானியமாகக் கொடுப்பது அதன் முறை. பாடசாலைப் பிள்ளைகளுக்கான 'சிசு செரிய' 2005இல் தொடங்கியது.

இன்னொரு வழியும் உண்டு. நம் நாட்டில் அதிகம் பேசப்படாதது. காட்டைப் பார்க்க வருவோரின் பணம். அமெரிக்காவின் அகாடியா தேசிய பூங்காவில் 1999 முதல் கோடை காலத்தில் ஒரு பஸ் சேவை ஓடுகிறது. ஏறுவோருக்குக் கட்டணம் இல்லை. பூங்கா நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கும், அரசு உதவியும், ஒரு கம்பனியின் நன்கொடையும் அதை நடத்துகின்றன. நமக்கு முக்கியமான விடயம் வேறு: அந்தப் பஸ் பூங்காவுக்குள் மட்டும் சுற்றுவதில்லை. அயல் கிராமங்களுக்கும் போகிறது. உல்லாசப் பயணியின் பக்கத்து ஆசனத்தில் ஊர்க்காரரும் வேலைக்குப் போகிறார்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். குமண தேசிய பூங்கா போரினால் 1985இல் மூடப்பட்டு 2003இல் திறக்கப்பட்டது. அதன் வாசல் உகந்தையில். கதிர்காம உற்சவ காலத்தில் பாதயாத்திரை அடியார்கள் அவ்வழியே காடு கடக்கிறார்கள்; உகந்தை வரை விசேட பஸ்களும் ஓடுகின்றன. மற்ற நாட்களில் பூங்காவுக்குப் போவோர் பெரும்பாலும் ஜீப்பிலேயே போகிறார்கள். நுழைவுக் கட்டணம் வனசீவராசிகள் திணைக்களத்துக்குப் போகிறது. அதில் ஒரு சிறு பங்கு பொத்துவில், பாணமை வழியாக உகந்தைக்கு நாளாந்தப் பஸ் ஒன்றைத் தாங்கினால், காட்டோர வயல்காரரும் அதிலேயே போய்வரலாம். பூங்காவுக்குள் வாகன நெரிசலும் குறையும். இதற்குச் சட்டமும் அமைச்சின் முடிவும் வேண்டும், நாளைக்கே நடக்காது.

மானியம் அப்படியல்ல, இப்போதே கேட்கலாம். "பஸ் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் கடிதம் கோவைக்குள் தூங்கும். ஒரு வாரத்துக்கு, எத்தனை பேர் எந்த நேரம் போகிறார்கள், எத்தனை பிள்ளைகள், ஓட்டோவுக்கு எவ்வளவு செலவாகிறது என்று விவசாயச் சங்கத்தினர் கொப்பியில் குறித்து, பிரதேச செயலாளர் ஊடாக அனுப்புங்கள். வீதி யாருடையது என்றும் அறியுங்கள்: பெரிய வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, அடுத்தது மாகாணத்துக்கு, உள் வீதி பிரதேச சபைக்கு. மதகு உடைந்த கிறவல் வீதியில், மானியம் கிடைத்தாலும் எந்தச் சாரதியும் மாரியில் பஸ்ஸை இறக்கமாட்டார். ஆகவே மதகுக்கான கடிதம் முதலில் போகட்டும்.