வீட்டுத் திட்டத்தில் நம் குரல்



கிணறும் வயலும் எட்டாத இடத்தில் கட்டிய வீடு கமக்காரருக்குப் பாரமே. ஆகவே திட்டம் முடிவாகுமுன் பேச வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், சபையின் வீடமைப்பு, சமுதாய அபிவிருத்திக் குழுவில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்க்க இடமளிக்கிறது.

செய்ய வேண்டியவை:

1. பத்துக் குடும்பங்களாகக் கூடித் தேவைகளை எழுதுங்கள். காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதோரைத் தனியே குறியுங்கள். பட்டியலிலிருந்து முதலில் விடுபடுவோர் அவர்களே.

2. கடிதத்தைத் தவிசாளரிடம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை பெறுங்கள். குழுவில் இடமும் கேளுங்கள்.

3. பயனாளிகளைத் தெரிவுசெய்யும் விதிகளை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கள்.

கலந்துரையாட: நம் கூட்டத்தில் இன்னும் வாய் திறக்காதவர் யார்? கணவனை இழந்த தாயா, அடுத்தவர் காணியில் குடியிருப்பவரா?