சாய்தளமும் சக்கர நாற்காலியும்

திண்டுக்கல் மலைக்கோட்டையில் ஏறியிருக்கிறீர்களா? பாறையில் வெட்டிய படிகளில் நாம் ஏறிவிடுகிறோம். சக்கர நாற்காலியில் வருபவருக்கோ முதல் படியே மதில் சுவர்! இதே மாவட்டத்துப் பழனி மலையில் படிப்பாதையோடு யானைப்பாதையும் உண்டு. அது சுற்றிச் செல்வது. ஆனால் ஏற்றம் குறைவு. சாய்தளத்தின் தத்துவமும் இதுவே.

மாணவர்களே, உங்கள் ஊரின் இயற்கைப் பூங்காவில் எல்லோரும் செல்லத்தக்க பாதை அமைக்க நன்கொடை திரட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு பணம் தேவை? கணக்கு இயற்பியலில் தொடங்குகிறது.

நாற்காலியும் அமர்ந்திருப்பவரும் சேர்ந்து 80 கிலோகிராம் எனக் கொள்வோம். எடை ஏறத்தாழ 800 நியூட்டன். 1 மீட்டர் உயரம் ஏற 800 ஜூல் வேலை செய்ய வேண்டும். உராய்வை நீக்கிப் பார்த்தால், பாதை எதுவானாலும் இந்த அளவு மாறாது. மாறுவது விசைதான். வேலையைப் பாதையின் நீளத்தால் வகுத்தால் விசை கிடைக்கும்.

நீளம் 6 மீட்டர்: விசை 133 நியூட்டன்.
நீளம் 12 மீட்டர்: விசை 67 நியூட்டன்.
நீளம் 20 மீட்டர்: விசை 40 நியூட்டன்.

1 மீட்டர் உயரத்துக்குக் குறைந்தது 12 மீட்டர் நீளம் என்பது சாய்தளங்களுக்கு வழக்கமான விதி. இடையிடையே இளைப்பாறச் சமதளமும் வேண்டும்.

பணம் போதவில்லை, 6 மீட்டரில் முடித்துவிடலாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். செலவு பாதியாகும், விசை இரு மடங்காகும். 13 கிலோகிராம் மூட்டையைத் தூக்கும் அளவு விசையைக் கைகள் விடாமல் தர வேண்டும். நாற்காலி பின்புறம் கவிழவும் கூடும். அது பாதிப் பயனுள்ள பாதையன்று, பயனற்ற பாதை. பணம் குறைந்தால் ஏற வேண்டிய உயரத்தைக் குறையுங்கள், சரிவைக் கூட்டாதீர்கள்.

தரையும் முக்கியம். தளர்ந்த மணலில் சக்கரம் புதைவதால் சமதளத்திலும் தள்ளுவது கடினம். இதனால்தான் சென்னை மெரினா மணலில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர், செலவு 1.14 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்குச் சுமார் 43,000 ரூபாய்! அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு செப்பனிட்டார்கள். ஆகவே பராமரிப்புக்கும் சேர்த்தே நிதி திரட்ட வேண்டும்.

கடற்கரை மரப்பாதையின் விலை பூங்காவின் கெட்டித்த மண்பாதைக்குப் பொருந்தாது. உள்ளூர்ப் பொறியாளரிடம் மீட்டருக்கான மதிப்பீடு பெறுங்கள். 'ஒரு குடும்பம், ஒரு மீட்டர்' என்று கேட்டால், கொடுப்பவருக்குத் தம் பணம் போகும் இடம் தெரியும். பொதுமக்கள் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தரும் 'நமக்கு நாமே' திட்டத்தைப் பற்றியும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

பயிற்சி: உங்கள் பள்ளி வாசற்படிகளின் மொத்த உயரத்தை அளந்து 12 ஆல் பெருக்குங்கள். அவ்வளவு நீளத்துக்கு அங்கே இடம் இருக்கிறதா?