சுற்றிப் போனாலும் டீசல் மிச்சமாகுமா?



எம். புதுப்பட்டியில் இருந்து வேலைக்கும், ஆஸ்பத்திரிக்கும், சரக்கு வாங்கவும் சிவகாசி, மதுரை என்று போய் வருகிறோம். ரயில்வே கேட்டிலும் சிக்னலிலும் வண்டிகள் வரிசையாக நின்று புகை விடுவதைப் பார்க்கிறோம். அந்தப் புகையைச் சுவாசிப்பது நாமும் நம் பிள்ளைகளும்தான். வீணாகும் டீசல் காசும் கடைசியில் வண்டி வாடகையிலும் காய்கறி விலையிலும் நம் தலையில்தான் விழுகிறது. வண்டிகளைச் சரியான வழியில் திருப்பிவிட்டால் இதைக் குறைக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

நின்று நின்று போனால் என்ன ஆகும்?

தண்ணீர்க் குடங்கள் ஏற்றிய தள்ளுவண்டியை நினைத்துப் பாருங்கள். முதலில் நகர்த்தத்தான் மூச்சு வாங்கும். உருள ஆரம்பித்துவிட்டால் லேசாகப் போகும். வீட்டுக்கு வீடு நிறுத்தித் தள்ளினால் கை ஓய்ந்துவிடும். லாரிக்கும் அப்படித்தான். நின்று கிளம்பும்போதுதான் டீசலை அதிகம் குடிக்கும்.

சும்மா நின்றாலும் செலவுதான். இன்ஜினை அணைக்காத லாரி மணிக்கு 2 லிட்டர் டீசல் எரிப்பதாக வைத்துக்கொள்வோம். கேட் 10 நிமிடம் மூடினால், 12 லாரிக்கு 4 லிட்டர் போச்சு! லிட்டர் 90 ரூபாய் என்றாலும் 360 ரூபாய். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு காற்றில் சேர்கிறது.

மதுரை சொல்லும் பாடம்

முன்பெல்லாம் விருதுநகர் பக்கமிருந்து திருச்சி போகும் லாரிகள் மதுரை ஊருக்குள் நுழைந்துதான் போக வேண்டும். பிறகு கப்பலூரில் இருந்து உத்தங்குடி வரை சுமார் 27 கிலோமீட்டருக்குச் சுற்றுச்சாலை வந்தது. மதுரை மாநகராட்சி கடன் வாங்கிப் போட்டு, வண்டிகளிடம் சுங்கம் வசூலித்த சாலை அது. ஊருக்குள் வேலை இல்லாத வண்டி, ஊருக்குள் வராமலே போக வழி கிடைத்தது.

"தூரம் கூடுதே, டீசலும் கூடத்தானே செய்யும்?" என்று கேட்கலாம். கணக்குப் போடுவோம். நெரிசலில் லிட்டருக்கு 3 கிலோமீட்டரும், தடையில்லாத சாலையில் 5 கிலோமீட்டரும் ஒரு லாரி ஓடுவதாக வைப்போம்.

• ஊருக்குள் 15 கி.மீ. = 5 லிட்டர்
• சுற்றி 20 கி.மீ. = 4 லிட்டர் (லாபம்)
• சுற்றி 30 கி.மீ. = 6 லிட்டர் (நஷ்டம்)

ஆகவே எல்லாச் சுற்றுவழியும் லாபம் அல்ல. அளவோடு சுற்ற வேண்டும். சுற்றுச்சாலை ஓரத்திலேயே கடையும் வீடும் பெருகிவிட்டால் அதுவும் ஊர்த்தெரு ஆகிவிடும். அங்கே குடியிருப்பவர்களுக்கு அதே புகை!

புதுச் சாலை போடாமலும் குறைக்கலாம். அடுத்தடுத்த சிக்னல்களில் பச்சை விளக்கு வரும் நேரத்தை ஒன்றோடொன்று பொருத்தினால் வண்டி நிற்பது குறையும். கூகுள் நிறுவனம் பெங்களூரு, கொல்கத்தா, ஐதராபாத் உள்ளிட்ட நகரங்களில் இதற்கு யோசனை சொல்லி வருகிறது. சந்திப்புகளில் வண்டி நிற்பதை 30 சதவீதம் வரையும், புகையை 10 சதவீதம் வரையும் குறைக்கலாம் என்று 2023-இல் அந்த நிறுவனம் கூறியது.

நாம் செய்யக்கூடியவை

1. கேட் மூடினால் ஆட்டோ, வேன், பைக் இன்ஜினை அணைக்கச் சொல்வோம். "அண்ணே, வண்டியை ஆஃப் பண்ணுங்க" என்று சொல்ல யோசிக்க வேண்டாம்.
2. அரிசி, மளிகையைக் குழுக்கள் சேர்ந்து வாங்கி ஒரே வண்டியில் ஏற்றுவோம். நாலு நடை ஒரு நடையாகும்.
3. கடன் வாங்கி ஆட்டோ ஓட்டும் குடும்பங்கள், நெரிசல் நேரத்தில் எந்த வழியில் டீசல் குறைகிறது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்க்கலாம்.
4. பள்ளிக்கூடம் இருக்கும் தெருவில் கனரக லாரி வந்தால், மாற்று வழி கேட்டு கிராம சபையில் மனு கொடுப்போம்.

குழுக் கூட்டத்தில் பேச:

• நம் ஊரில் வண்டிகள் அதிகம் நிற்கும் இடம் எது? எந்த நேரத்தில்?
• அந்தப் புகை யார் வீட்டு வாசலில் விழுகிறது?
• வண்டிகளை வேறு வழியில் திருப்பினால், அங்கே இருப்பவர்களுக்கு என்ன ஆகும்?

பேசி முடிவானதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு மறக்காமல் கொண்டு வாருங்கள்.