கட்டுச்சோறும் களத்து மல்லாட்டையும்



அவலூர்பேட்டை, செஞ்சி வட்டாரக் கிராமங்களில் காலை ஏழரை மணிக்கே வேன் ஏறிப் பள்ளிக்குப் போகும் சிறு பிள்ளைகள் இன்று ஏராளம். தாய் கட்டிக் கொடுத்த டப்பா திறக்கப்படுவதோ பகல் பன்னிரண்டரை மணிக்கு. இடையில் ஐந்து மணி நேரம் அந்தச் சோறு குளிர்ப்பெட்டியிலும் இல்லை, அடுப்பின் மேலும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் புத்தகப் பைக்குள் வெயிலோடு வெயிலாக இருக்கிறது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை குறைவு. 1982 ஜூலை 1-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தால் பகலில் சமைத்த சூடான சோறு பள்ளியிலேயே கிடைக்கிறது. தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய காலை உணவும் சேர்ந்துள்ளது. கௌரவக் குறைச்சல் என்று எண்ணி, அதை விட்டுவிட்டு வீட்டிலிருந்து ஆறிய சோறு கட்டி அனுப்புவோர் சிலர் உண்டு. அது தேவையற்ற வேலை. இக்கட்டுரை, கட்டித்தான் அனுப்பியாக வேண்டும் என்ற நிலையில் உள்ள பெற்றோருக்காக எழுதப்படுகிறது.

சோறு ஏன் கெடுகிறது?

அரிசியில் இயற்கையாகவே ஒட்டி வரும் பாசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிர் தடித்த உறை கொண்ட வித்துகளை உண்டாக்குகிறது. உழவுக்கும் களையெடுப்புக்கும் தப்பும் கோரைக் கிழங்கைப் போல, இந்த வித்துகள் உலை கொதிப்பதற்கும் தப்பிவிடும். சோறு ஆறத் தொடங்கியதும் முளைத்துப் பெருகும். சில வகைகள் வாந்தியை உண்டாக்கும் நச்சையும் சோற்றில் சேர்த்துவிடும். பிறகு எவ்வளவு சூடு காட்டினாலும் அந்த நச்சு போகாது. நுண்ணுயிர்கள் பெருகுவது 5 முதல் 60 டிகிரி வெப்பத்துக்குள் என்பதால், சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் டப்பாவுக்கோ ஐந்து மணி நேரம். ஆகவே எதைக் கட்டுகிறோம் என்பதில்தான் நாம் கவனம் செலுத்த வேண்டும். புளிப்பு உள்ளது தாங்கும். ஈரம் குறைந்ததும் தாங்கும். இரண்டும் இல்லாதது தாங்காது.

பல வீடுகளில் இரவு மீந்த சோற்றைக் காலையில் எலுமிச்சைச் சாதமாகக் கிளறி டப்பாவில் அடைப்பதைக் காண்கிறேன். மிகவும் தவறான பழக்கம் இது. இரவு முழுதும் வெளியில் கிடந்த சோற்றில் கெடுதல் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். காலையில் பிழியும் பழம் அதைச் சரிசெய்யாது. தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்த பழைய சோறு வேறு வகை. அதைக் காலையில் வீட்டிலேயே குடித்துவிட்டுப் போகலாம். டப்பாவுக்கு அன்று காலையில் வடித்த சோறே வேண்டும்.

எதைக் கட்டலாம்?

புளிச்சோறு முதலிடம் பெறும். புளியை நல்லெண்ணெயில் சுண்டக் காய்ச்சி வைத்துக்கொண்டால் வாரம் முழுதும் உதவும். ஈரக் கரண்டி போடாதிருந்தால் போதும். எலுமிச்சை, மாங்காய்ச் சாதங்களும் நல்லவை. எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பின் சேர்க்கவும். இட்லி மாவு புளித்த மாவாதலால், நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்லியும் நண்பகல் வரை தாங்கும்.

தயிர்ச்சாதத்தில் ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் விடுவது நம் வழக்கம். போகிற வழியில் உறைந்து, புளிக்காமல் இருக்கும் என்பது கணக்கு. ஆனால் புளிப்பு ஏறும் வரை அந்தச் சோற்றுக்குக் காவல் இல்லை. பாலைக் குறைத்து, புதிதாக உறைந்த தயிரைக் கூட்டுங்கள். சோறு கைபொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே கலக்கவும்.

கேழ்வரகு அடை நம் வட்டாரத்துக்கே உரியது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச்சத்து உள்ளது; அரிசியில் அது மிகச் சொற்பம். ஒரு பிடி முருங்கைக்கீரை சேர்த்து, கல்லில் இருபுறமும் நன்றாக வேகவிட்டு எடுத்த அடையில் ஈரம் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை உள்ளது. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடல் ஏற்க வைட்டமின் சி துணை செய்யும். டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ வையுங்கள். கழுவி, முழுதாக வையுங்கள், நறுக்கினால் கெடும்.

தேங்காய்ச் சட்னி, தேங்காய்ச் சாதம், பருப்புச் சோறு, உருளைக்கிழங்குக் குழம்பு, மீன், கறி ஆகியவை வேண்டாம். முட்டை நல்ல உணவுதான். ஆனால் வேகவைத்து உரித்த முட்டையை ஐந்து மணி நேரம் பையில் வைப்பதைவிட, காலையிலோ மாலையிலோ வீட்டிலேயே கொடுப்பது நன்று.

மல்லாட்டை விஷயத்தில் எச்சரிக்கை

நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 கிராம் புரதம் வேண்டும். 25 கிராம் நிலக்கடலைப் பருப்பில் ஆறு கிராம் கிடைத்துவிடும். புளிச்சோற்றில் சேருங்கள், வெல்லம் சேர்த்து உருண்டை பிடியுங்கள். ஆனால் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்கு முழுப் பருப்பாகக் கொடுக்கக் கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகும். வறுத்துப் பொடித்துச் சோற்றில் பிசைந்து கொடுக்கவும்.

உழவியல் படித்தவன் என்ற முறையில் நான் அதிகம் கவலைப்படுவது இனிச் சொல்லப் போவதைப் பற்றியே. திரண்ட காயை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை கட்டுகிறோம். மண்வெட்டி பட்ட காய், சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பூத்தது இவற்றை 'வீட்டுக்கு ஆகும்' என்று ஒதுக்குகிறோம். அதுதான் பிள்ளையின் டப்பாவுக்குப் போகிறது.

மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் படரும் அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கிலிருந்து இந்நச்சு கண்டறியப்பட்டது. 1974-இல் குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் உண்ட 397 பேர் கல்லீரல் நோய்க்கு உள்ளாகி, 106 பேர் இறந்தனர். சிறிது சிறிதாக நெடுநாள் உட்கொண்டால் கல்லீரல் புற்றுநோய் வரும். வறுப்பதாலும் வேகவைப்பதாலும் இந்நச்சு முழுதும் அழிவதில்லை.

அறுவடையின்போதே கவனம் வேண்டும். காயை ஈரத்தோடு அம்பாரம் போடாதீர்கள். காயின் ஈரம் 8 சதவீதத்துக்கு வரும் வரை பரப்பி உலர்த்தவும். குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆடும், விரலால் தேய்த்தால் தோல் உரியும். வீட்டுக்கு வேண்டிய அளவை முதல் தரக் காயிலிருந்து முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குப் பத்துப் படி காய் குறைந்தால் விற்பனையில் பெரிய நட்டம் வராது. பூசணக் காயைச் செக்குக்கும் அனுப்ப வேண்டாம். எண்ணெயில் கொஞ்சமும் பிண்ணாக்கில் மிகுதியும் நச்சு தங்கும். அந்தப் பிண்ணாக்கைத் தின்ற கறவை மாட்டின் பாலிலும் அது இறங்கும். குழி வெட்டிப் புதைப்பதே முறை.

டப்பா

எவர்சில்வர் டப்பா போதும். புளிச்சோற்றுக்கு அலுமினியம் ஆகாது. மூடியின் ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவி வெயிலில் காயவிட வேண்டும். நாள்பட்ட வாடை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. சோற்றை அகன்ற தட்டில் பரப்பி, ஆவி அடங்கிய பிறகு அடைக்கவும். சுடச்சுட மூடினால் மூடியில் நீர் கோத்துச் சோற்றில் சொட்டும். பையை வேனில் வெயில் படாத பக்கம் வைக்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். மாலையில் சோறு மீந்து திரும்பினால் அதைச் சூடு செய்து மறுபடி கொடுக்காதீர்கள். எவ்வளவு மீந்தது என்று மட்டும் பார்த்துக்கொண்டு, மறுநாள் அந்த அளவு குறைத்து வையுங்கள்.